இரண்டாம் நிமிடம், பதினோராம் நொடி

உறைந்த பட்டாணிப் பையைக்
கையில் எடுத்தபோதுதான் முதலில் கேட்டேன்.
கூரை ஒலிபெருக்கியில் நீ.
குளிர்பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றேன்,
கண்ணாடி முழுக்க ஆவி படிந்து
பெட்டி பீப் பீப் என்று ஏச ஆரம்பிக்கும்வரை.

டெல்ஃபின் கோமோவில்
கோமோவை எங்கோ வழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்.
இப்போது வெறும் டெல்ஃபின்.
சுவரொட்டியில் உன் பல்வரிசைகூட நேராகிவிட்டது.

பாட்டில் மழை பெய்கிறது.
நீ போன அன்று மழை இல்லை, டெல்.
மார்ச் மாதத்துப் பழம்பனி
உப்பும் மண்ணும் கலந்து
காட்டிங்கன் தெருவெங்கும் சாம்பலாய்க் கிடந்தது.
பாட்டில் நான் கதவை அறைந்துவிட்டுப் போகிறேன்.
திரும்பிக்கூடப் பார்க்காமல்.
கதவுக்குக் காலால் முட்டுக்கொடுத்து நின்றிருந்தேன் நான்,
இரண்டு கைகளிலும் உன் ஆம்ப்ளிஃபயர்.
மூன்று மாடி.
இரண்டாவது திருப்பத்தில் சுவரில் உரசி
விரல்முட்டியில் தோல் பெயர்ந்தது.
"பார்த்து" என்றாய்.
எதைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் பாட முடியாதுதான்.
ஆம்ப்ளிஃபயர் என்று கத்திக் கைதட்ட
இருபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கமாட்டார்கள்.

நான் இன்னும் அதே படகில்.
ஹாலிஃபாக்ஸ் கரையில் கயிறு அவிழ்க்கிறேன்,
டார்ட்மத் கரையில் கட்டுகிறேன்.
போன வெள்ளிக்கிழமை, கடைசிக்கு முந்தைய படகில்
பள்ளிப் பெண்கள் நாலு பேர்
ஒரே போனைச் சுற்றி நின்று
உன் பல்லவியைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்திக்குக் கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது.
யாரோ ஒரு பையன். வேதியியல் வகுப்பாம்.
"இந்தப் பாட்டுல வர்றவன் மட்டும் கையில கெடைச்சான்,
இப்பிடியே தண்ணியில தள்ளிடுவேன்"
என்றாள் அவள் தோளைப் பிடித்திருந்தவள்.
மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கம்மா என்றேன்.
சட்டென்று மரியாதையாக நகர்ந்துகொண்டார்கள்.
தண்ணீர் அன்று நாலு டிகிரி.

கேஸ் போடு என்கிறார் கேப்டன் வெண்டல்,
பாதி ஊருக்குத் தெரியும், உன்னைத்தான் பாடுறா.
என்னவென்று போடுவது?
பாட்டில் என் பெயர் இல்லை.
கண்ணின் நிறம்கூட வேறு யாருடையதோ.

ஆனால்,
முழுப் பாட்டையும் கேட்கத் துணிய
எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.
காதில் மாட்டிக்கொண்டு, இருட்டில்.
இரண்டாம் நிமிடம், பதினோராம் நொடி.
கிடார் நின்றுவிடுகிறது.
டிரம்ஸ் விழுவதற்கு முன்னால்
நீ மூச்சை இழுக்கும் இடத்தில்
பின்னாலிருந்து
ஒரு கிரீச்.

நம் அடுக்களை நாற்காலி.

எத்தனை ஸ்டூடியோ, எவ்வளவு பணம்!
நடுவிலுள்ள நாலு வரியை மட்டும்
மேசைமேல் போனை வைத்து நீ பதிந்தது பதிந்தபடியே
விட்டுவைத்திருக்கிறார்கள்.
அதற்கப்புறம் உன் குரல் அங்கே
அப்படி உடையவில்லை போலும்.

எனக்கு நினைவிருக்கிறது.
அடுப்பில் சூப் பொங்கியது, அணைக்க எழுந்தேன்.
யாரைப் பற்றி இது என்றேன் திரும்பிப் பார்க்காமல்.
யாருமில்லை, சும்மா என்றாய்.
அது நவம்பர்.
மார்ச்சுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே, இப்போது தெரிகிறது,
மழை பெய்துகொண்டிருந்தது.

அந்த நாற்காலியைப் போன வருஷமே
பசை வைத்து, பட்டி கட்டி இறுக்கிவிட்டேன்.
எப்படிச் சாய்ந்தாலும் சத்தம் வருவதில்லை.
கடையில், பல் டாக்டரிடம், வெண்டலின் காரில்
அந்த நொடி வரும்போது மட்டும்
பேசுவதை நிறுத்திக்கொள்கிறேன்.
என்னடா என்கிறார்.
ஒன்றுமில்லை.
யாரோ எழுந்திருக்கிற சத்தம்.

சூப் அடிபிடித்துவிட்டது அன்றைக்கு.
ஆனாலும் சாப்பிட்டோம்.
நீ இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாய்.